பிரேக் அக்காவும் முகவர் கட்டணமும்

சினிமாவில் கதாநாயகனின் கார் வளைவில் சீறிக்கொண்டு திரும்பும்போது தியேட்டரே கைதட்டுகிறது. அக்காவின் வலது கால் மட்டும் தரையை ஓங்கி அழுத்துகிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் அவருடைய கணவர் தன் பாதங்களை முன்கூட்டியே உள்ளே இழுத்துக்கொள்கிறார். மிதி வாங்கிப் பழகியவர். லிஃப்ட் ஒவ்வொரு மாடியை நெருங்கும்போதும் அக்காவின் கால் கீழே போகும். பெரிய கடைகளில் யாராவது தள்ளுவண்டியை வேகமாக உருட்டிக்கொண்டு எதிரே வந்தாலும் போகும். யாராவது போனில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொன்னால்கூட ஒரு தடவை அழுத்துவார் என்கிறார் கணவர். அதை நான் நேரில் பார்த்ததில்லை.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். இருபது வருடங்களுக்கு மேலாக அவருடைய வலது கால் அந்தப் பிரேக்கின் மேல்தான் குடியிருக்கிறது. அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவர் பிரேக் அக்கா. மீதிப் பாதிப் பேர் இன்னும் பஸ்ஸில் போகிறவர்கள்.

ஆள் குட்டை. இருக்கையில் ஒரு தலையணை போட்டுத்தான் உட்காருவார். கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் கயிற்றில் தொங்கும், ஒன்று தூரத்துக்கு, ஒன்று பக்கத்துக்கு. இரண்டில் ஒன்று எப்போதும் எங்கேயாவது கழன்று விழுந்து தொலைந்திருக்கும். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகிய நிமிடத்திலிருந்து யாராக இருந்தாலும் அவருக்கு டிரைவர்தான். நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொள்ளப் போன என்னையும் முதல் நாளே "டிரைவர் சார்" என்றார். நான் நெளிந்தேன். "சீட்ல உக்காந்தாச்சுல்ல? அப்புறம் என்ன வெக்கம்? நீங்க டிரைவர்னு உங்களுக்கே தெரியலேன்னா வண்டிக்கு எப்படித் தெரியும்?" என்றார். முதல் தேர்வில் நான் தோற்றேன். அன்றும் வீடு திரும்பும்வரை டிரைவர் சார்தான்.

அவருடைய பாடம் மூன்றே சொல். கண்ணாடி, இண்டிகேட்டர், அப்புறம் திருப்பம். பின்னால் பார், திரும்பப்போவதாகச் சொல், பிறகு திரும்பு. வரிசை மாறினால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "திரும்பிட்டு இண்டிகேட்டர் போடறீங்களே, யாருக்காக? போய்ச் சேர்ந்தவங்களுக்காகவா?" என்பார்.

வண்டிக்கு வெளியேயும் அக்கா இப்படித்தான். வீட்டில் நாற்காலியைவிட்டு எழுவதற்கு முன் "நான் எந்திரிக்கப்போறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் எழுவார். முடி வெட்டிக்கொள்ளும் கடையை மாற்ற நினைத்தபோது, பழைய கடைக்காரப் பெண்ணிடம் போய், "அடுத்த மாசத்திலேர்ந்து நான் அந்த முக்குக் கடைக்குப் போகப்போறேன், தப்பா நினைச்சுக்காதம்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? நானாக இருந்தால் அந்தத் தெருப் பக்கமே போகாமல் காலத்தை ஓட்டியிருப்பேன்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே தம்பி. நாலு வயது இளையவர், ஐம்பதைத் தாண்டியவர். முன்பு ஒரு சோபாக் கடையில் விற்பனை மேலாளராக இருந்தார். கடையை மூடிவிட்டார்கள். முதலீட்டு ஃபண்டுகளில் மக்களைச் சேர்த்துவிடும் முகவர் வேலைக்கு வந்தார். அக்காதான் அவருடைய முதல் வாடிக்கையாளர். எட்டு வருடங்களுக்கு முன் புதுச் சட்டையும் புதுப் பையுமாக வந்து அக்காவின் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பியபோது தம்பியின் கை நடுங்கியதாம். "சோபா விக்கிறப்ப நடுங்காத கை. எனக்கு விக்கறதுக்கு நடுங்குது. காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்" என்று அக்கா சிரிப்பார். அன்றிலிருந்து மாதாமாதம் அக்காவின் கணக்கிலிருந்து ஒரு தொகை ஃபண்டுக்குப் போகிறது.

எதற்காக என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் வலது முழங்கால் தேய்ந்துகொண்டு வருகிறது. இன்னும் நாலைந்து வருடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வாடகைக்குச் சரியாக இருக்கும். "இந்தக் கால் நின்னா என் வருமானமும் நின்னுச்சு டிரைவர் சார். அப்புறம் எனக்கு அந்த ஃபண்டுதான் கால்" என்று ஒருநாள் முழங்காலைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அக்காவின் கணவர் போடும் ஆம்லெட்டுக்காகவே வருவதாகச் சொல்லிக்கொள்வார். அவர் மனைவி முட்டை தொடமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் அக்காவும் தம்பியும் சின்ன வயசுச் சண்டைகளை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். யார் யாருடைய பென்சிலைக் கடித்தது என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு.

குட்டையைக் குழப்பியவர் ஒரு பல் டாக்டர். என்னோடு வண்டி பழகும் பெண்மணி. ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் பின் இருக்கையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பது அக்காவின் ஏற்பாடு. அதனால் நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது, சேமிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அக்கா ஃபண்டின் பெயரைச் சொன்னார்.

"அட, நானும் அதேதான்! நீங்க டைரக்ட்தானே?" என்றார் பல் டாக்டர்.

"டைரக்ட்டுன்னா?"

"முகவர் இல்லாம நேரா வாங்கறது. வருஷக் கட்டணம் பாதிதான்."

"அதே ஃபண்டா?"

"அதே ஃபண்டுதான். அதே ஆளுங்கதான் நடத்தறாங்க. வாங்கற பங்குகூட அதேதான்."

பச்சை விழுந்தது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அக்காவின் கால் பிரேக்கைவிட்டு எடுபடவே இல்லை. பாவம் டாக்டர், தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு கிளட்சை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஃபண்டின் முகவர் வகுப்பு, டைரக்ட் வகுப்பு இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்தார். எனக்கு அவர் விளக்கிய விதம் இது. "ஒரே பஸ்ஸு டிரைவர் சார். அதே டிரைவரு, அதே ரூட்டு, போய்ச் சேர்ற இடமும் ஒண்ணு. முன் வாசல்ல ஏறினா ஒரு டிக்கெட்டு, பின் வாசல்ல ஏறினா ரெட்டை டிக்கெட்டு. என்னை எட்டு வருஷமாப் பின் வாசல்ல ஏத்தியிருக்கான்." முகவர் வழியாகச் சேர்ந்தவர்களின் பணத்தில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்று புள்ளி ஒன்பது கட்டணமாகப் போகிறது. நேராகச் சேர்ந்தவர்களுக்கு வெறும் புள்ளி எட்டு. நடுவில் இருக்கும் ஒன்று புள்ளி ஒன்றில் பெரும்பங்கு முகவருக்கு, அதாவது தம்பிக்கு.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு என்ன பெரிய காசு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "போடற காசுக்கு மட்டும் இல்ல சார், சேர்ந்திருக்கற மொத்தத்துக்கும் வருஷா வருஷம் எடுப்பாங்க. சேரச் சேர அதுவும் பெருசாகும். வருஷத்துல ஒரு வாரம் நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கறது அதுக்கே போகுது" என்றார். மொத்தமும் சேர்த்து என்பதை நான் யோசிக்கவே இல்லை. அசடு வழிந்தேன்.

இதற்காக அவர் ஃபண்டு அலுவலகத்துக்குப் போன் போட்ட காட்சியை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை. போன் ஸ்பீக்கரில், டாஷ்போர்டின் மேல். ஸ்டியரிங்கில் பல் டாக்டர். பின்னால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான்.

"ஏம்மா, டைரக்ட் கிளாஸ் சீப்புன்னாங்க. இங்க பாத்தா ஒரு யூனிட் விலை அதுலதான் ஜாஸ்தியா இருக்கு. காதுல பூ சுத்தறீங்களா?"

"இல்ல மேடம். ரெண்டும் ஒரே விலையில ஆரம்பிச்சதுதான். உங்க கிளாஸ்ல வருஷா வருஷம் கட்டணம் அதிகமாப் போகுது, அதனால விலை கம்மியா வளர்ந்திருக்கு. டைரக்ட்ல கட்டணம் கம்மி, அதனால விலை கூடியிருக்கு."

"அப்போ விலை ஜாஸ்தியா இருக்கறதுதான் சீப்பு?"

"ஆமா மேடம்."

"இப்ப ரைட்ல திரும்புங்க."

"என்ன மேடம்?"

"உன்னை இல்லம்மா. நீ சொல்லு. மாத்தினா என் யூனிட்டு குறையுமே?"

"எண்ணிக்கைதான் குறையும் மேடம். மொத்தப் பணம் மாறாது. மாத்தறப்ப லாபத்துக்கு வரி கட்டணும், அது ஒரு தடவைதான்."

"கிளட்ச்! கிளட்ச்! உன்னை இல்லம்மா. வெளிய வர்றதுக்குக் கட்டணம்?"

"போட்ட பணத்துக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தா இல்லை மேடம். ஆனா நீங்க மாசா மாசம்…"

அந்த 'ஆனா'வை யாரும் கேட்கவில்லை. ஒரு குப்பை லாரி சந்திலிருந்து மூக்கை நீட்டியது. பல் டாக்டர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கண்களைப் பொத்திக்கொண்டார். அக்காவின் கால் இறங்கியது, வண்டி நின்றது, போன் டாஷ்போர்டிலிருந்து பறந்து என் மடியில் வந்து விழுந்தது. "எட்டு வருஷமாச்சும்மா, தேங்க்ஸ்!" என்று அக்கா என் மடியைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனை வைக்கச் சொன்னார். பிறகு டாக்டரிடம் திரும்பி, "பல்லு புடுங்கறப்பவும் இப்படித்தான் கண்ணை மூடிப்பீங்களா டிரைவரம்மா?" என்றார்.

கட்டணம் பார்த்தாயிற்று, வரி பார்த்தாயிற்று. மாறினால் லாபம் என்பது உறுதியாயிற்று. வேறு யாராக இருந்தாலும் சத்தமில்லாமல் போனில் பொத்தானை அமுக்கி மாற்றியிருப்பார்கள். தம்பிக்கு அடுத்த மாதம் தானாகத் தெரிந்திருக்கும். அக்காவால் அது முடியாது. இண்டிகேட்டர் போடாமல் அவர் திரும்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. அடுத்த மாசம் நான் டைரக்ட் கிளாசுக்கு மாறப்போறேன். இவனுக்குப் போற கமிஷன் நின்னுடும். இன்னைக்கே சொல்லிட்டேன்."

தம்பியின் மனைவி தம்பியைப் பார்த்தார். தம்பி தட்டைப் பார்த்தார். அக்காவின் கணவர் வழக்கம்போல "உன் இஷ்டம்" என்றார். அவர் கல்யாணத்தின்போதும் அதைத்தான் சொன்னாராம்.  தம்பி தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, "வரேங்க்கா" என்று கிளம்பிவிட்டார். பென்சில் வழக்கு அன்று விசாரணைக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. தலைவலி என்றார்கள். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காரணமும் யாரும் சொல்லவில்லை. அக்கா போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அந்த வாரங்களில் அக்காவிடம் வண்டி பழகியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திட்டவே இல்லை. நான் மூன்றாம் கியரில் வண்டியைக் கிளப்ப முயன்றபோதுகூட "பரவால்ல" என்றார்.  வாய் ஓயாமல் பேசுகிற ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் சாலை இரண்டு மடங்கு அகலமாகத் தெரிகிறது.

"போய்ப் பாத்துட்டு வந்துடலாமே அக்கா" என்றேன்.

"போலாம். போனா அவன் பொண்டாட்டி முன்னாடி இன்னொரு தடவை பேசணும். ஒரு தடவை பேசினதே போதாதா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "விட்டுடலாம்னு தோணுது டிரைவர் சார். ஒண்ணு புள்ளி ஒண்ணுதானே. தம்பிக்குக் குடுத்ததா நினைச்சுக்கறேன்" என்றார். சொல்லும்போதே கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தம்பிமேல் கோபம் வந்தது, அக்காமேலும் வந்தது. இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து தொலைத்ததால் யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

அந்த வாரமே பல் டாக்டர் ஒரு தப்புச் செய்தார். இரண்டு சந்து தள்ளித் திரும்ப வேண்டியவர் முதல் சந்து வருவதற்கு முன்பே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். பின்னால் வந்த வேன்காரர் நாங்கள் முதல் சந்திலேயே திரும்பிவிடுவோம் என்று நம்பி வேகமாக ஏறி வந்தார். மயிரிழையில் தப்பினோம். அக்காவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"இண்டிகேட்டர் போட்டாச்சுன்னா வேலை முடிஞ்சுதா டிரைவரம்மா? எங்க போடணும்னு இல்லையா? கண்ட இடத்துல போட்டா பின்னாடி வர்றவன் என்னன்னு நினைப்பான்? ஒரு நிமிஷம் அவன் இடத்துல உக்காந்து பாக்க வேணாமா? நீங்க பாட்டுக்கு…"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.  "வண்டிய ஓரமா விடுங்க" என்றார். இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் நின்று தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "நான் அவன்கிட்ட தனியாச் சொல்லியிருக்கணும்" என்றார், எங்கள் இருவரிடமும் பொதுவாக. பல் டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு வீடு வரும்வரை பயத்தில் இண்டிகேட்டரே போடாமல் ஓட்டினார். அக்கா அதையும் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு நண்பகலில் நான் அக்காவின் வீட்டுக்குப் போனேன், இந்தக் கட்டுரையோடு போட ஒரு படம் எடுக்க. அக்கா ஜன்னலோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைச் சிரிக்கச் சொன்னேன், அவர் தேர்வு அதிகாரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அப்போது அழைப்பு மணி அடித்தது.

தம்பி வாசலில் நின்றார். தனியாக வந்திருந்தார். கையில் பிஸ்கட் பாக்கெட்.

"மாமா போன் பண்ணினார்" என்றார்.

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீங்களா? நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. மூணு ஆம்லெட் போடற கை ரெண்டோட நிக்க மாட்டேங்குது, வாரா வாரம் மீந்துபோகுதுன்னேன்" என்றார் கணவர், அடுப்பைவிட்டுத் திரும்பாமல். மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் கிளம்பப் பார்த்தேன். அக்கா "உக்காருங்க சார், நீங்க பாக்காததா" என்று உட்கார்த்திவிட்டார். தம்பி மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"கமிஷன் போகுதுன்னு நான் வருத்தப்படல" என்றார் கடைசியில்.

"பொய் சொல்லாதே."

"கொஞ்சம் வருத்தம்தான். ஆனா அது இல்ல. என்னை நம்பலையான்னு இருந்துச்சு. என் பொண்டாட்டி முன்னாடி சொன்னே. தட்டுல கையை வெச்சிருந்தேன்."

"நம்பாட்டி உனக்கு எதுக்குடா சொல்லணும்? சொல்லாம மாத்தியிருப்பேன். திரும்பறப்ப உன்னை இடிச்சிடக்கூடாதுன்னுதான் சொன்னேன். சொன்ன விதம் தப்பு. அவ இருக்கறப்ப சொன்னது பெரிய தப்பு. அதுக்கு என்னை என்ன வேணும்னாலும் திட்டு." அக்காவின் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். "இப்ப நீ சொல்லு. டைரக்ட்டுன்னு ஒண்ணு இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

தம்பி பிஸ்கட் பாக்கெட்டைத் தள்ளி வைத்தார். "முதல்ல நீ ஒருத்திதான் என்கிட்ட வாங்கினே. அப்ப சொல்லியிருந்தா எனக்கு வேலையே இல்ல. அப்புறம் நிறையப் பேர் வந்தாங்க, இப்பச் சொல்லலாம்னு நினைப்பேன். சொன்னா, இத்தனை நாள் ஏன்டா சொல்லலேன்னு கேப்பே. அதுக்குப் பயந்துக்கிட்டே வருஷம் போயிடுச்சு."

"இப்பவும் அதைத்தானே கேட்டேன்."

"ஆமா. கேட்டுட்டே." தம்பி சிரித்துவிட்டார். சிரிப்பில் கண் கலங்கியிருந்தது. எனக்கும் என்னவோபோல் இருந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"நான் மாத்தலடா. விட்டுடறேன்" என்றார் அக்கா.

"பேசாம இரு. முழங்காலை வெச்சிக்கிட்டுத் தானதர்மம் பண்ணாதே. போனை எடு." அதிகாரமாகச் சொல்லிவிட்டு நாற்காலியை அக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சோபாக் கடையில் அவர் இப்படித்தான் இருந்திருப்பார். "மொத்தத்தையும் மாத்தறதா போட்டிருக்கியா?"

"ஆமா. எட்டு வருஷமாச்சே. வெளிய வர்ற கட்டணம் கிடையாது, நான் கேட்டாச்சு."

"ஆரம்பிச்சுத்தான் எட்டு வருஷம். போன மாசம் ஒரு தவணை போச்சுல்ல, அதுக்கு ஒரு மாசம்தான் வயசு. ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியா வருஷம் எண்ணுவாங்க. மொத்தமா மாத்தினா கடைசிப் பன்னெண்டு தவணைக்கு அபராதம் எடுத்துப்பாங்க."

அக்காவின் கால் தரையை ஓங்கி அழுத்தியது. மேசைக்கடியில் நான் என் கால்களை இழுத்துக்கொண்டேன். குப்பை லாரி விழுங்கிய அந்த 'ஆனா' இப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது.

"பழசை இப்ப மாத்து. இந்தப் பன்னெண்டை அப்படியே விடு, ஒரு வருஷம் கழிச்சு அதையும் மாத்திக்கலாம். இனிமே போற தவணையை நேரா டைரக்ட்லயே போடு" என்றார் தம்பி.

"அந்த ஒரு வருஷம் அந்தப் பன்னெண்டுக்கு உனக்குக் கமிஷன் வரும்ல?"

"வரும். பிஸ்கட் வாங்கத்தான் சரியா இருக்கும்."

"இதைச் சொல்லிக்கொடுத்ததுக்கே உனக்கு எட்டு வருஷக் கமிஷன் குடுக்கலாம்டா" என்று அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். சமையலறையில் எண்ணெய் சுரீரென்றது. மூன்றாவது ஆம்லெட்.

எண்களையெல்லாம் தம்பி சொல்லச் சொல்ல அக்கா போனில் தட்டினார். கடைசித் திரை வந்தது. பழைய வகுப்பு இது, புதிய வகுப்பு இது, முகவர் இல்லை, சம்மதமா என்று பொடி எழுத்தில் கேட்டது. அக்கா போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். பக்கத்துக்கான கண்ணாடி வழக்கம்போல வண்டியிலேயே கிடந்தது.

"நீயே அமுக்கிடேன்" என்று போனைத் தம்பியிடம் நீட்டினார்.

"உன் பணம். நீ படிச்சுப் பாத்துட்டு அமுக்கு" என்றார் தம்பி. பிறகு தன் கண்ணாடியைக் கழற்றினார். சட்டையின் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியை அவர் மூக்கின்மேல் வைத்து, கம்பிகளைக் காதுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.